நெஞ்செரிச்சலுக்கு வெள்ளை மருந்தா, ஃபெமோடிடினா, ஒமேப்ரசோலா?

இலங்கை மலையகத்தில் அட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ ஒரு பாமசிக்குப் போய் "நெஞ்சு எரியுது" என்று சொன்னால் மூன்றில் ஒன்று கைக்கு வரும். போத்தலில் அடைத்த வெள்ளைத் திரவ மருந்து, ஃபெமோடிடின் மாத்திரை, அல்லது ஒமேப்ரசோல் கெப்சூல். மூன்றுக்கும் நம்மிடம் ஒரே பேர்தான்: கேஸ்ட்ரைட்டிஸ் மருந்து. திரவம் லேசானது, கெப்சூல் பவர் கூடியது, அதனால் கெப்சூலே நல்லது என்பது பலரின் கணக்கு. அந்தக் கணக்கு சரியில்லை. வெள்ளை மருந்து வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் அமிலத்தை முறிக்கிறது. ஃபெமோடிடின், அமிலம் சுரக்கச் சொல்லிப் போகும் தகவலில் ஒன்றைத் தடுக்கிறது. ஒமேப்ரசோல், அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகளையே அடைத்துவிடுகிறது. வேலை வேறு என்பதால், எடுக்கும் நேரமும் எடுக்க வேண்டிய நாட்களும் வேறு. எதை எடுப்பது என்பதை எரிச்சல் எவ்வளவு கடுமை என்று பார்த்து முடிவு செய்வதைவிட, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்து முடிவு செய்வதே என் பார்வையில் சரி.

அதற்கு முன்னால், அது நெஞ்செரிச்சல்தானா என்று பார்க்க வேண்டும். சாப்பிட்ட பிறகு, குனிந்து புல்லு வெட்டும்போது, இரவில் படுத்ததும், நடு நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிந்து தொண்டை வரை ஏறுவது, புளித்த தண்ணீர் வாய்க்கு வருவது – இவைதான் அமிலம் மேலே ஏறுவதன் அடையாளம். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையம் தளர்ந்துபோவதால் இது வருகிறது. வயிறு ஊதிக்கொள்வதும் மேல் வயிற்றைப் பிசைவதும் இதனோடு சேர்ந்து வரலாம், தனியாகவும் வரலாம். அவற்றுக்கு இதே மருந்து இதே அளவுக்கு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

நம்முடைய ஊர்களில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. ரோட்டிலிருந்து லயத்து வீட்டுக்கு மேட்டில் ஏறும்போது நெஞ்சு அடைத்து, கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறதா? அது கேஸ்ட்ரைட்டிஸ் இல்லை, இதயத்தைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி. திடீரென்று நெஞ்சு இறுகி, வியர்த்து, மூச்சு வாங்கி, வலி கைக்கோ தாடைக்கோ போனால், வெள்ளை மருந்து குடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியே இல்லாமல், வெறும் எரிச்சல் போலவும் வரும்.

சரி, இனி மருந்துகள்.

வெள்ளை மருந்து

எப்போதாவது, வாரத்துக்கு ஒரு தடவை, கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகோ திருவிழா நேரத்திலோ எரிகிறவர்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அலுமினியம் ஹைட்ரொக்சைட், மக்னீசியம் ஹைட்ரொக்சைட், கல்சியம் கார்பனேட் போன்றவைதான் உள்ளே இருக்கும். சில நிமிஷத்தில் கேட்கும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வயிற்றை விட்டுப் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் உணவோடு தங்கி மூன்று மணி நேரம் வரைக்கும் நிற்கும். காலையில் எழும்பியதும் வெறும் வயிற்றில் ஒரு மூடி குடிக்கும் பழக்கத்தில் பெரிய பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

மக்னீசியம் வயிற்றால் போக வைக்கும், அலுமினியம் மலச்சிக்கல் தரும். இரண்டையும் கலந்து செய்வது அதனால்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரண்டுமே உடம்பில் தேங்கும் என்பதால் அவர்கள் தாமாக வாங்கிக் குடிக்கவே கூடாது. தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்கும் உப்புத் தூளில் சோடியம் அதிகம். பிரஷருக்கு மருந்து எடுப்பவர் அதைத் தினமும் குடித்தால் ஒரு பக்கம் குறைத்ததை இன்னொரு பக்கம் ஏற்றுகிறார்.

அல்ஜினேட் சேர்ந்த திரவம் கொஞ்சம் வேறு வகை. அது வயிற்றில் உள்ள உணவின் மேல் நுரைப்படலமாக மிதந்து, மேலே ஏறவிடாமல் மூடி வைக்கிறது. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் குடிப்பது. புளித்த தண்ணீர் மேலே வருவதுதான் முக்கியத் தொல்லை என்றால் சாதாரண வெள்ளை மருந்தைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன். விலைதான் கூட.

இந்த மருந்துகள் மற்ற மருந்துகளைக் கட்டிப்போட்டுவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை, டொக்ஸிசைக்ளின், சிப்ரொஃப்ளொக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள் ஆகியவற்றோடு சேர்த்துக் குடித்தால் அவை உடம்பில் சரியாகச் சேராது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைரொய்ட் மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.

ஃபெமோடிடின்

இந்த இடத்தில் முன்பு ரனிடிடின் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக நம் வீடுகளில் புழங்கிய மாத்திரை. 2019இல் அதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு கண்டுபிடிக்கப்பட்டது. வைத்திருக்க வைத்திருக்க, முக்கியமாகச் சூட்டில், அந்த மாசு கூடுகிறது என்று தெரியவந்ததும் 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. வீட்டு டப்பாவில் பழைய ரனிடிடின் அட்டை இருந்தால் எறிந்துவிடுங்கள். ஃபெமோடிடின் அதே குடும்பம்தான், ஆனால் அந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். இரவில் மட்டும் எரிகிறவர்களுக்கும், நாளைக்கு விருந்து, கட்டாயம் எரியும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கும் இது பொருத்தம். குறை என்னவென்றால், தினமும் எடுத்தால் ஒன்றிரண்டு வாரத்திலேயே உடம்பு பழகி, மருந்தின் வேகம் குறைந்துவிடும். "முந்தி கேட்டுச்சு, இப்ப கேக்கல" என்று சொல்லி இரண்டு மடங்கு எடுப்பவர்கள் உண்டு. அதில் லாபம் இல்லை. விட்டுவிட்டு, தேவைப்படும் நாளில் மட்டும் எடுத்தால்தான் இதன் பயன் நிற்கும். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெலிந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் தடுமாறி, பேச்சு குழம்பும். வீட்டில் அதை வயசுக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள்.

ஒமேப்ரசோலும் அதன் சொந்தக்காரர்களும்

வாரத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ, சில வாரமாக விடாமல் எரிகிறது, அல்லது இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், மேலே சொன்ன இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துக் காலத்தைக் கடத்தாமல் டாக்டரிடம் போய் இந்த வகை மருந்தை எழுதி வாங்குவதே சரி. உணவுக்குழாயில் விழுந்த புண்ணை ஆற்றுவதில் ஃபெமோடிடின் இதற்குப் பக்கத்தில் வராது. ஒமேப்ரசோல் 20 மில்லிகிராம், பென்டொப்ரசோல் 40, எசொமெப்ரசோல் 20 அல்லது 40, ரபெப்ரசோல் 20, லன்சொப்ரசோல் 30 எல்லாம் ஒரே குடும்பம்.

ஆனால் எடுக்கும் முறை தவறினால் இது வெறும் கெப்சூல்தான். வயிற்றுச் சுவரில் உள்ள அமிலப் பம்புகள் சாப்பாட்டுக்குத்தான் விழிக்கும். விழித்திருக்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் அடைக்க முடியும். மருந்தோ இரத்தத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஆகவே மருந்து இரத்தத்தில் ஏறும் நேரமும் சோறோ ரொட்டியோ வயிற்றில் இறங்கும் நேரமும் ஒன்றாக வர வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் என்பது இதனால்தான். தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. விடியுமுன் எழும்பி அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு, தனக்கு ஒரு பிளேன்டீயை மட்டும் ஊற்றிக்கொண்டு பெரட்டுக்கு (காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) ஓடினால், மருந்து வந்து போன பிறகு, மலையில் ஏதோ ஒரு நேரத்தில்தான் சாப்பாடு வயிற்றுக்குப் போகும். அப்படிப்பட்டவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். கெப்சூலை எழும்பியதும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, புறப்படும் முன் அரை ரொட்டியாவது சாப்பிடுவது. அதற்கு வழியில்லை என்றால், டாக்டரிடம் சொல்லி மருந்தை இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாற்றிக்கொள்வது. இரவில்தான் தொல்லை என்பவர்களுக்கு இரண்டாவது வழி இன்னும் நல்லது. "சாப்பாட்டுக்கு முன்" என்று உறையில் எழுதியதைப் படித்துவிட்டு, மருந்தை வாயில் போட்ட கையோடு சோற்றில் கை வைப்பது ஒரு பாதி வேலைதான்.

கெப்சூலுக்குள் இருக்கும் சின்ன மணிகளுக்கு ஒரு பூச்சு உண்டு. அமிலத்தில் மருந்து அழியாமல் குடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பூச்சுதான். அதனால் மெல்லவோ அரைக்கவோ கூடாது. விழுங்க முடியாத வயதானவர்களுக்கு ஒமேப்ரசோல் கெப்சூலைத் திறந்து, மணிகளை ஒரு கரண்டித் தயிரில் போட்டு மெல்லாமல் விழுங்கச் சொல்லலாம்.

அப்புறம், இது எரியும்போது எடுக்கும் மருந்து இல்லை. முதல் நாளே முழுப் பயன் கிடைக்காது, மூன்று நான்கு நாள் தொடர்ந்து எடுத்தால்தான் பம்புகள் ஒவ்வொன்றாக அடைபடும். இரண்டு நாள் போட்டுவிட்டு "கேக்கல" என்று அடுத்த கம்பெனிக்கு மாறுவது வீண்செலவு. வழக்கமான காலம் நான்கு முதல் எட்டு வாரம்.

குடும்பத்துக்குள் எது நல்லது என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலானவர்களுக்கு எதுவானாலும் சரி. எசொமெப்ரசோலும் ரபெப்ரசோலும் சில பேருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம், ஆனால் விலை வித்தியாசத்துக்குத் தகுந்த வித்தியாசம் அது இல்லை. ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் சாதாரண ஒமேப்ரசோலைச் சரியான நேரத்தில் எடுப்பவர், விலை கூடிய மருந்தைச் சோற்றோடு எடுப்பவரைவிட நன்றாக இருப்பார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவிய பேராசிரியர் சேனக பிபிலேயின் காலத்திலிருந்தே, கம்பெனிப் பேரை விட்டு மருந்தின் பேரைப் பார் என்ற கொள்கைக்கு உலகமே நம் நாட்டைத்தான் எடுத்துக்காட்டியது. பாமசியில் நிற்கும்போது மட்டும் அதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஒரே ஒரு இடத்தில் தேர்வு முக்கியம். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து, இரத்தம் கட்டாமல் இருக்கக் குளொபிடொக்ரெல் எடுப்பவர்களுக்கு ஒமேப்ரசோலும் எசொமெப்ரசோலும் ஆகாது, அந்த மருந்தின் வேலையை இவை குறைக்கும். பென்டொப்ரசோல் பொதுவாகப் பாதுகாப்பானது. கிளினிக்கில் ஒரு மருந்து, டவுனில் தனியாரிடம் இன்னொரு மருந்து என்று இரண்டு இடத்தில் வாங்குபவர்களிடம்தான் இந்தத் தவறு நடக்கும். டொம்பெரிடோன் சேர்ந்த கெப்சூலையும் கவனியுங்கள். இதயத் துடிப்பைக் குழப்பும் ஆபத்து இருப்பதால், டொம்பெரிடோனைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், குறைந்த அளவில், ஒரு வாரத்துக்கு மேற்படாமல் கொடுக்கச் சொல்லி 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்படுத்தியது. மாசக்கணக்கில் எடுக்கும் மருந்து அல்ல அது.

எவ்வளவு காலம்?

இங்கே இரண்டு கட்சி. வருஷக்கணக்கில், எதற்கு என்றே மறந்து, அட்டை அட்டையாக வாங்கி விழுங்குபவர்கள் ஒரு பக்கம். கிட்னி போகும், எலும்பு போகும் என்று வட்சப்பில் வந்ததைப் பார்த்து, தேவையான மருந்தையும் நிறுத்துபவர்கள் மறுபக்கம். இரண்டாவது கட்சியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

நீண்ட காலம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், மக்னீசியம் குறையலாம், குடல் தொற்று கூடலாம், எலும்பு முறிவும் சிறுநீரகப் பழுதும் சற்றுக் கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மருந்து எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் வெளியிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தவை. மருந்து எடுப்பவர்கள் ஏற்கெனவே நோயாளிகளாக இருப்பது கணக்கைக் குழப்பும். 2019இல் வெளிவந்த கொம்பஸ் ஆய்வு வேறு மாதிரி. 17,500க்கு மேற்பட்ட இதய, இரத்தக்குழாய் நோயாளிகளில் பாதிப்பேருக்குப் பென்டொப்ரசோலும் மறுபாதிக்கு, உள்ளே மருந்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்து, ஏறத்தாழ மூன்று வருஷம் பார்த்தார்கள். குடல் தொற்று மட்டும்தான் தெளிவாகக் கூடியது, அதுவும் 1.0 சதவீதத்துக்கு எதிரே 1.4 சதவீதம். ஆகவே அஸ்பிரினும் குளொபிடொக்ரெலும் சேர்த்து எடுப்பவர், முன்பு வயிற்றுப் புண்ணில் இரத்தம் போனவர், முதுகு வலிக்குத் தொடர்ந்து டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரை எடுத்தே ஆக வேண்டிய வயதானவர், உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர் – இவர்கள் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வரும் இரத்தப்போக்கு, வட்சப்பில் வரும் எல்லாப் பயத்தையும்விடப் பெரிது.

இந்தக் காரணம் எதுவும் இல்லாமல் எடுப்பவர்கள், எட்டு வாரம் முடிந்ததும் நிறுத்தப் பார்க்க வேண்டும். திடீரென்று விட்டால் ஒரு விஷயம் நடக்கும்: அடைத்து வைத்த வயிறு முன்னைவிடக் கூடுதலாக அமிலத்தைச் சுரக்கும். நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்து டென்மார்க்கில் செய்து, 2009இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் எசொமெப்ரசோல் எடுத்து நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு அடுத்த வாரங்களில் எரிச்சல் போன்ற தொல்லை வந்தது. போலி மருந்து எடுத்தவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவருக்கே இப்படி என்றால், "மருந்தை விட்டதும் திரும்பிடுச்சு, எனக்கு ஆயுசுக்கும் வேணும்" என்று நம்பிவிடுவதில் ஆச்சரியம் இல்லை. அது பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். அளவைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், இடையில் எரிந்தால் அல்ஜினேட் திரவம் என்று இறங்கி வந்தால் தாக்குப்பிடிக்கலாம்.

நம் பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அமிலம் உதவுகிறது. அமிலத்தைக் குறைத்தால் அதுவும் குறையும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் இரும்பைத் தடுக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த ஒருவர், ஒமேப்ரசோலும் எடுத்து, இரும்பு மாத்திரையை பிளேன்டீயோடு விழுங்கினால் அந்த மாத்திரை எதற்கு? சீனிக்கு மெட்ஃபோமின் எடுப்பவர்களுக்கு பி12 பக்கம் இதே கதை, ஏனென்றால் மெட்ஃபோமினும் அதைக் குறைக்கும். இரண்டையும் வருஷக்கணக்கில் எடுப்பவர் காலில் விறைப்பு என்றால் சீனியை மட்டும் குற்றம் சொல்லாமல் பி12 பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு அல்ஜினேட் அல்லது வெள்ளை மருந்துதான் முதல். கேட்காவிட்டால் டாக்டர் ஒமேப்ரசோல் தரலாம், பயப்பட வேண்டியதில்லை. மிட்வைஃப் மிஸ் தந்த இரும்பு மாத்திரைக்கும் வெள்ளை மருந்துக்கும் இடைவெளி விட்டால் போதும்.

மருந்தில்லாத வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி, உடல் எடை கூடியிருந்தால் குறைப்பது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு முதல் எட்டு அங்குல உயரத்துக்குக் கல்லோ கட்டையோ வைப்பது, இடது பக்கமாகப் படுப்பது. தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும். குளிருக்காகச் சாப்பிட்டதும் போர்த்திக்கொண்டு படுப்பது நம் ஊர்ப் பழக்கம், அதை மாற்றுவதுதான் கஷ்டம். நிஃபெடிபின், அம்லொடிபின் போன்ற பிரஷர் மருந்துகளும், வீசிங்குக்குத் தரும் தியோஃபிலினும் அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தும். தாமாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லிப் பார்க்கலாம்.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுநோயை மட்டுமல்ல, உணவுக்குழாய்ப் புற்றுநோயையும் அது கொண்டுவரும். சோறு இறங்காமல் சிக்குகிறது, தண்ணீர் விட்டுத்தான் இறக்க வேண்டியிருக்கிறது என்றால், ஒமேப்ரசோல் எடுத்துக் காத்திருக்கும் வேலையே வேண்டாம். எடை தானாகக் குறைவது, இரத்த வாந்தி, தார் போல ஒட்டும் கறுப்பு மலம், காரணம் தெரியாத இரத்தச்சோகை, நிற்காத வாந்தி ஆகியவற்றுக்கும் இதே விதிதான். ஐம்பத்தைந்தைத் தாண்டி முதல் தடவையாக நெஞ்செரிச்சல் வருபவரும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்து கிளங்கன், நுவரெலியா, பதுளை, கண்டி என்று எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்களோ அங்கே போய் எண்டொஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ளுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அது தார் போல ஒட்டாது, அந்தக் கெட்ட வாடையும் இருக்காது. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் எச் பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ சொல்லியிருந்தால், ஒமேப்ரசோல் வகையை இரண்டு வாரம் முன்பே டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்து உறைகளையும் எடுத்துப் போங்கள், கடையில் வாங்கிய வலி மாத்திரையும் சேர்த்து. ஒமேப்ரசோல் எழுதினால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எதற்காக, எத்தனை வாரத்துக்கு? பதிலை கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு டாக்டர் இருந்தாலும், அதே மருந்தைப் பார்த்து அப்படியே திருப்பி எழுதாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.